மேசைமேல் கை வையுங்கள்

ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையை எங்கே வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத்தின் மட்டத்தில், மேசைமேல் தாங்கலாகக் கையை வைத்து எடுத்ததுதான் சரியான அளவு. கையை மடியில் வைத்து எடுத்தபோது மேல் அளவு அதைவிடச் சுமார் 4 புள்ளி கூடுதலாகக் காட்டியது. பக்கவாட்டில் தொங்கவிட்டு எடுத்தபோது 6.5 புள்ளி கூடுதல்.

நான்கும் ஆறும் சின்ன எண்கள் என்று தோன்றலாம். ஆனால் நோய் என்று சொல்வதற்கான கோடு 140-இல் இருக்கிறது. உண்மையில் 136 இருக்கும் ஒருவருக்குக் கை தொங்கியதால் 142 என்று காட்டினால், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைச் சீட்டோடு அவர் வீடு திரும்பக்கூடும். நம் ஊர் கிளினிக்குகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். படியேறி மூச்சு வாங்க வந்தவரை முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் உட்கார வைக்கிறார்கள். சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். “என்னம்மா, சாப்ட்டீங்களா, சுகர் பாத்தீங்களா?” என்று கேட்டபடி காற்றடிக்கிறார்கள். அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பேசிக்கொண்டிருந்தாலே அளவு ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் ஏறும். கால்மேல் கால் போட்டிருந்தால் மேலும் கொஞ்சம். இத்தனையும் சேர்ந்த ஓர் எண்ணை நம்பித்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் புற நோயாளிகள் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். மூட்டுவலிக்காரர் வலியோடு வருகிறார். காய்ச்சல்காரர் காய்ச்சலோடு வருகிறார். வயிற்றெரிச்சல், சளி, முதுகுப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு முறையீடு இருக்கிறது. மருத்துவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம். பிரஷர்காரர் மட்டும் வேறு எதற்கோ வருகிறார், அல்லது வருவதே இல்லை. பின்மண்டை வலித்தால் பிரஷர், கிறுகிறுத்தால் பிரஷர், கோபம் வந்தால் பிரஷர் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு 160-லும் 170-லும்கூட எந்தத் தொந்தரவும் தெரியாது. தலைவலியோடு வந்தவருக்கு அளவு கூடியிருந்தால், பல நேரங்களில் வலிதான் அளவை ஏற்றியிருக்கும். உடம்பு சொல்வதை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதால், கண்டுபிடிப்பதற்கு நம்மிடம் இருப்பது அந்த ஒற்றை எண் மட்டும்தான். அதை ஒழுங்காக எடுப்பதே இங்கே நோயறிதல்.

ஒழுங்காக எடுப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய, இரு பாதமும் தரையில் பதிய, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசைமேல். பட்டை வெறும் தோலின்மேல். எடுப்பவரும் பேசக்கூடாது, எடுத்துக்கொள்பவரும் பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். முதல் முறை பார்க்க வரும்போது இரு கைகளிலும் எடுத்து, எதில் கூடுதலோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும்.

பட்டையின் அளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தத் தவறு கருவி பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது. 1896-இல் இத்தாலியின் டூரின் நகரில் சிப்பியோனே ரிவா-ரோச்சி மிதிவண்டி டியூபைக் கொண்டு முதல் கைப்பட்டையைச் செய்தார். காற்றை ஏற்றி, மணிக்கட்டில் நாடி மறையும் இடத்தை மேல் அளவு என்று குறித்தார். அந்தப் பட்டை ஏறக்குறைய 5 செ.மீ. அகலம்தான். குறுகலான பட்டை கையை அழுத்த அதிகக் காற்று கேட்கும். அதனால் எல்லோருக்கும் அளவு கூடுதலாகக் காட்டியது. 1901-இல் ஜெர்மனியின் ஃபான் ரெக்லிங்ஹாஸன் பட்டையை அகலமாக்கி அதைத் திருத்தினார். 1905-இல் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கழகத்தைச் சேர்ந்த நிக்கொலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரத்தம் மீண்டும் பாயும் ஓசையைக் கேட்டார். ஓசை தொடங்கும் இடம் மேல் அளவு, அடங்கும் இடம் கீழ் அளவு. இதைச் சொல்லி அவர் எழுதிய அறிக்கை ஒரு பக்கம்கூட நிரம்பாது. அன்று முதல் இன்று வரை உலகம் முழுக்க மருத்துவர்கள் கேட்பது அதே ஓசையைத்தான்.

ரெக்லிங்ஹாஸன் திருத்திய பிழை இன்னும் தீரவில்லை. பருத்த கைக்கு வழக்கமான அளவுப் பட்டையைச் சுற்றினால் 5 புள்ளியும், மிகப் பருத்த கைக்குச் சுற்றினால் 20 புள்ளி வரையும் மேல் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரே ஒரு பட்டையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பார்க்கும் கிளினிக்கில், உடல் பருத்தவர்களில் பலர் இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். பெரிய பட்டை ஒன்று வாங்குவதற்கு ஆகும் செலவு அவர்களுடைய சில மாத மாத்திரைச் செலவுதான்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரே நாளில் முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவமனை வாசத்திலேயே சிலருக்கு அளவு ஏறும். வீட்டில் பார்த்தால் இயல்பாக இருக்கும். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. மருத்துவர் எதிரில் 130, வேலையிடத்திலும் வீட்டிலும் 150. ஆபத்து அதிகம் இரண்டாமவருக்கே, ஏனென்றால் அவரை யாரும் பிடிப்பதில்லை. அதனால்தான் வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு முறை பார்த்துவிட்டு 140/90 என்ற கோட்டை வைத்து முடிவு செய்கிறார்கள். வீட்டில் பார்ப்பவர்களுக்குக் கோடு சற்றுக் கீழே, 135/85. மேல்கையில் சுற்றும் தானியங்கிக் கருவி போதும்; மணிக்கட்டில் கட்டும் கருவிகள் அவ்வளவு நம்பகமானவை அல்ல. ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எடுத்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்துப்போய்க் காட்டினால், மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சரி, எந்தத் தொந்தரவும் தராத ஓர் எண்ணை ஏன் இத்தனை பாடுபட்டுத் துரத்த வேண்டும்? எண்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். வயதாக ஆக ரத்தக்குழாய் இறுகும், அதற்கேற்ப அழுத்தம் கூடுவது இயற்கையின் ஏற்பாடு, அதைக் குறைத்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகாது என்பது அன்றைய பாடம். அந்தப் பாடத்துக்குப் பலியானவர்களில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1941-இல் அவருடைய அளவு 188/105. அவருடைய சொந்த மருத்துவர் காது-மூக்கு-தொண்டை நிபுணர்; இந்த எண்களைக் கண்டு அவர் கலங்கவில்லை. 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் சோதித்தபோது 186/108, இதயம் வீங்கியிருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லவும் டிஜிட்டாலிஸ் கொடுக்கவும்தான் புரூயனால் முடிந்தது. அழுத்தத்தை நம்பகமாகக் குறைக்கும் மாத்திரை அன்று உலகத்திலேயே இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்குழாய் வெடித்து 63 வயதில் ரூஸ்வெல்ட் இறந்தார். அன்று அவருடைய மேல் அளவு 300-க்கு மேல். உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த ஒருவருக்குக் கிடைக்காத மருத்துவம் இன்று நம் ஊர் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அவர் இறந்து மூன்றாண்டுகளில், 1948-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்குப் பக்கவாதம் வருகிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே வந்தார்கள். உயர்ந்த அழுத்தம் இயற்கையின் ஏற்பாடு அல்ல, இதயத்தையும் மூளையையும் தாக்கும் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பது அங்கிருந்துதான் துலங்கியது. பிறகு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பத்து லட்சம் பேரின் விவரங்களை அலசி 2002-இல் வெளியிட்டார்கள். 115/75-க்கு மேலே, 40 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, மேல் அளவு ஒவ்வொரு 20 புள்ளி ஏறும்போதும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது.

குறைத்தால் உயிர் பிழைக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை தந்தவர் எட்வர்ட் ஃப்ரைஸ். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கீழ் அளவு 115-க்கும் 129-க்கும் இடையில் இருந்த 143 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான மாத்திரையும் இன்னொன்றுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1967-இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைப் பிரிவில் 27 பேருக்குப் பெரும் பாதிப்பு. மருந்துப் பிரிவில் 2 பேருக்கு. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு பளிச்சென்ற விடை கிடைப்பது அபூர்வம். அந்த ஆய்வில் கொடுத்த மருந்துகளில் ஒன்று ரெசர்பின். அது நம் சர்ப்பகந்தா மூலிகையின் வேரிலிருந்து பிரித்தெடுத்தது. அந்த வேர் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று உலக மருத்துவர்களை நம்ப வைத்தவர் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வந்த அவருடைய கட்டுரைதான் வாசலைத் திறந்தது. மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது என்று சொல்பவர்கள் இதன் மறுபாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெசர்பின் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். இன்னும் நல்ல மருந்துகள் வந்ததும் அது பின்னுக்குப் போனது. சோதித்துப் பார்த்ததால்தான் அதன் நன்மையும் தெரிந்தது, தீமையும் தெரிந்தது.

இன்று மருத்துவம் மிக எளிது. அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் என்ற மூன்று விலை மலிவான மருந்துகளைப் படிப்படியாகச் சேர்த்தாலே மிகப் பெரும்பாலோருக்கு அளவு அடங்கும். மேல் அளவை 10 புள்ளி இறக்கினால் பக்கவாதம் கால் பங்குக்கு மேலும், இதயம், ரத்தக்குழாய் சார்ந்த பெரும் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கும் குறைகின்றன. ஒரு மாத்திரையில் அடங்கவில்லை என்றால் அதையே இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகையில் இரண்டாவது ஒன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு பலன் தரும். “ரெண்டு மாத்திரை போடுற அளவுக்கு எனக்கு முத்திப்போச்சா?” என்று பயப்படுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இரண்டு மருந்து என்பது நோய் முற்றியதன் அடையாளம் அல்ல, பக்கவிளைவைக் குறைத்துப் பலனைக் கூட்டும் வழி. அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். டெல்மிசார்டனைக் கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை தொடங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகளும் கொஞ்சம்தான். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் சர்க்கரை, கிரியேட்டினின், பொட்டாசியம், கொழுப்பு, ஒரு இ.சி.ஜி. இவ்வளவு போதும். கூடவே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அவசரத்தில் அவை விட்டுப்போகின்றன. ஒன்று, “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு கையில் பிரஷர் மாத்திரையும் மறு கையில் வலி மாத்திரையுமாக ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம். இரண்டாவது, “பலமா குறட்டை விடுவாரா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா?” இதை வீட்டில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது மருந்துக்கு அடங்காத அழுத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

உப்பைப் பற்றிச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் போடும் உப்பைக் குறைத்துவிட்டேன் என்று சொல்பவரின் தட்டில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று உப்பு வேறு வாசல்களில் நுழைந்துவிடுகிறது. வடசீனத்தின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. பாதி ஊர்களில் சமையலுப்பில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்து கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் அந்த ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சமையலை மாற்றவில்லை, ருசியைத் துறக்கவில்லை, உப்பு மட்டும் மாறியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன் போன்ற மருந்து சாப்பிடுபவர்களும் இந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். நடை, எடைக் குறைப்பு, மதுவையும் புகையையும் விடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவை மாத்திரையின் வேலையைச் சுலபமாக்கும்.

அதிக அளவைக் கண்டு அவசரப்படுவதும் ஆபத்து. 180/110 என்று காட்டும், ஆனால் நெஞ்சுவலி இல்லை, மூச்சுத்திணறல் இல்லை, கை கால் இழுக்கவில்லை, பார்வை மங்கவில்லை என்றால், அமைதியாக உட்கார வைத்து மறுபடி பார்த்து, மாத்திரையைத் தொடங்கவோ திருத்தவோ செய்து, சில நாட்களில் திரும்ப வரச் சொல்வதே முறை. நிஃபெடிபின் குளிகையைக் குத்தி நாக்குக்கு அடியில் விட்டு நிமிடங்களில் அளவை இறக்கும் வழக்கம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. திடீரென்று இறங்கிய அழுத்தத்தால் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததைக் கண்டு, அதை நிறுத்த வேண்டும் என்று 1996-லேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தால் கதை வேறு. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலும், பேச்சு குழறினாலும் அப்படியே. எழுபதைத் தாண்டியவர்களுக்கு எதிர்ப்புறத்திலும் ஒரு கவனம் தேவை. எழுந்து நின்றபின் ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளவு பார்க்க வேண்டும். 20 புள்ளிக்கு மேல் இறங்கியும் மருந்தைத் திருத்தாவிட்டால், இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளக்கூடும்.

இவ்வளவு தெளிவான அறிவியல், இவ்வளவு மலிவான மருந்து. இருந்தும் 2020-இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களிடம் நடத்திய மாநிலக் கணக்கெடுப்பில், மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. நூறில் ஏழு. பாதிப்பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்பது ஒரு பக்கம். தெரிந்தவர்களும் வழியில் விட்டுவிடுவது இன்னொரு பக்கம். “இப்ப நார்மல்தானே டாக்டர், அதான் நிறுத்திட்டேன்” என்பதைக் கேட்காத மருத்துவர் இருக்க மாட்டார். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்பது நிறுத்தியவருக்கு யாரும் சொல்லாத செய்தி. “ஆரம்பிச்சா விடவே முடியாதாமே” என்று தொடங்கவே மறுப்பவரும் உண்டு. அது போதைப் பழக்கம் அல்ல; நிறுத்தினால் அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், அவ்வளவுதான். மருத்துவர்கள் பக்கத்திலும் குறை உண்டு. 152 என்று பார்த்துவிட்டு “கொஞ்சம் கூடுதலா இருக்கு, உப்பைக் குறைங்க” என்று பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்து அனுப்புவது மாதக்கணக்கில் தொடர்கிறது.

இந்த நோயைப் பெரிய மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பது சரியல்ல என்றே நான் கருதுகிறேன். இதற்குத் தேவை நிபுணத்துவம் இல்லை, தொடர்ச்சி. முகம் தெரிந்த செவிலியர், நடந்து போகும் தூரம், தட்டுப்பாடில்லாத மாத்திரை, வராதவரைத் தேடும் ஆள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து அளவு பார்த்து மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். கூலி வேலையை விட்டுவிட்டு அரை நாள் வரிசையில் நிற்க முடியாதவருக்கு இது மருந்தைப் போலவே முக்கியம். 2024-இல் ஐ.நா. பணிக்குழுவின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அடுத்த கணக்கெடுப்பில் அந்த ஏழு எத்தனையாகிறது என்பதுதான். வீடு தேடி வருபவருக்கு நல்ல கருவியும், இரண்டு அளவுப் பட்டையும், ஐந்து நிமிடம் காத்திருக்கும் நேரமும் கொடுக்கப்பட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற இலக்கை விரட்டிக்கொண்டு எடுக்கும் எண்களால் யாருக்கும் பயனில்லை.

முப்பது வயதைத் தாண்டியும் இதுவரை அளவு பார்க்காதவர்கள் அருகிலிருக்கும் சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். காசு கேட்க மாட்டார்கள். பார்ப்பவர் அவசரப்பட்டால், “கொஞ்சம் உக்காந்துட்டு வரேம்மா” என்று சொல்லத் தயங்காதீர்கள். வந்த எண்ணைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் “நார்மல் ஆயிடுச்சு” என்று மாத்திரையை நிறுத்தியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய சீட்டையும், சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லா மாத்திரை அட்டைகளையும், வலி மாத்திரை உட்பட, எடுத்துப்போக மறக்காதீர்கள்.